நைனாவின் தறியில் எண்ணெய் வேண்டாத புஷ்

திருப்பதியில் படிக்கப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அட்மிஷன் கிடைத்த அன்றே சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் நாம் தரிசன விசாரணைக் கவுண்டர் ஆகிவிடுகிறோம். என் மானம் போனதும் அந்த வேலையால்தான்.

எம்.டெக்.கில் என் பிராஜெக்ட், எண்ணெய் போடாமலே ஓடும் பேரிங். அலுமினியத்துக்குள் ஈயம் பொடிப்பொடியாகப் பரவியிருந்தால், சுழலும் தண்டின் மேல் அந்த ஈயமே மெல்லிசாகப் பூசிக்கொண்டு வழுக்கும். ஆனால் உருக்கினாலும் இரண்டும் ஒட்டாது. (ஒரே வீட்டு ஓரகத்திகள் மாதிரி.) விடாமல் கலக்கி, கலக்கிய சூட்டோடு குளிர்ந்த அச்சில் ஊற்றிவிட வேண்டும். கொஞ்சம் அசந்தாலும் கனமான ஈயம் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

நான் அசந்தேன். கலக்கியை நிறுத்திவிட்டு ஊற்றப் போகும் நேரம் பார்த்து சித்தூர் பெரியம்மா போன்.

"கண்ணு, மல அடிவாரத்துல, அலிபிரில நின்னுக்கினு கீறோம். உங்க பெரியப்பா ஆதார் கார்ட வீட்லயே வச்சிட்டு வந்துட்டாரு. இப்ப இன்னா பண்றது?"

பெரியப்பாவின் மறதிகளை எல்லாம் கேட்டு முடித்துவிட்டு வந்து ஊற்றினேன். வார்ப்பு பளபளவென்று வந்தது. அறுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை என்று கைடு சார் சொல்லியிருந்தார். எனக்கு எங்கே பொறுமை? மேல் பாதியைக் கடைந்து, தண்டு உள்ளே சுழலும் வளையமாக ஒரு புஷ் செய்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை நகரிக்கு பஸ் ஏறிவிட்டேன்.

நகரியில் நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, விசைத்தறி; முதலாளி பாவு நூல் கொடுப்பார், நைனா கூலிக்கு நெய்து கொடுப்பார். புஷ்ஷைப் பார்த்ததும் தயங்கினார்.

"இப்ப வேணாம் கண்ணு. கல்யாணப் பொடவ ஓடிக்கினு கீது. கெட்டுப்போச்சுன்னா முதலாளி அடுத்த பாவு குடுக்க மாட்டாரு."

"போ நைனா, நீ எந்தக் காலத்துல கீற? இனிமே எண்ணெயே வேணாம்."

மகள் சொல்லாயிற்றே என்று தறித் தண்டில் மாட்டினார். தெரு ஜனத்தையே கூட்டி வைத்திருந்தேன். (என் கொழுப்பை என்னவென்று சொல்ல!) பழக்க தோஷத்தில் எண்ணெய் விட வந்த அவர் கையைத் தட்டிவிட்டேன்.

தறி ஓடியது. நான் கையைக் கட்டிக்கொண்டு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். திடீரென்று கிறீச்சென்று ஒரு சத்தம், புகை, ஒரே குலுக்கல். புஷ் தண்டைக் கவ்விக்கொண்டது. ஈயம் மொத்தமும் நான் விட்டுவிட்டு வந்த கீழ்ப் பாதியில் இருந்திருக்கிறது. ஊடை நூலோடு ஓடும் நாடா பாவின் நடுவே சிக்கி இழைகளைக் கொத்தாக அறுத்தது. கருப்புத் தூளும் பழைய கிரீஸும் சந்தன நிறப் புடவையில் நீளமாகத் தெறித்தன.

யாரோ சொல்லி, பாவு கொடுத்த முதலாளி வந்துவிட்டார். "ஏமய்யா, ஆயில் வேயலேதா?" என்று, எண்ணெய் போடவில்லையா என்று தெலுங்கில் சீறினார்.

"மறந்துட்டேங்க" என்றார் நைனா.

வாழ்நாளில் எண்ணெய் போட மறக்காத மனுஷன்! எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. "அவரு மறக்கல, நான்தான் வேணாம்னேன்" என்று அழுதுகொண்டே அலுமினியம், ஈயம், பெரியப்பாவின் ஆதார் கார்டு எல்லாவற்றையும் ஒப்பித்தேன். முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. நைனாவைத்தான் பரிதாபமாகப் பார்த்தார்.

"அறுந்தத முடிஞ்சி மிச்சத்த ஓட்டு. கறைபட்டத நீயே வச்சிக்க. அடுத்த பாவு, உன் பொண்ணு காலேஜுக்குப் போனப்புறம் வந்து எடுத்துக்க."

நைனா இழை இழையாக முடிந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக் கொடுத்தேன்.

அந்தப் புடவையை அம்மா முன்னறை வாசலுக்குத் திரைச்சீலையாகத் தைத்துவிட்டாள், கறை நட்டநடுவில் வருகிற மாதிரி. (வேண்டுமென்றேதான்.) இன்றைக்கும் என் படிப்பைப் பற்றி யார் கேட்டாலும் நைனாவிடம் ஒரே பதில்தான். அதை அவர் முதலில் சொன்னது என்னைப் பெண் பார்க்க வந்த அன்று.

"பொண்ணு இன்னா ஆராய்ச்சி பண்ணுதுங்க?" என்று மாப்பிள்ளையின் அப்பா மரியாதையாகக் கேட்டார்.

நைனா காபி டம்ளரைக் கீழே வைக்காமலே வாசல் பக்கம் கை காட்டினார்.

"அதோ தொங்குது பாருங்க."