உபயம் கதிரேசன்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது பத்துக்கு டெலிபோனில் என் வேலை போனது. இன்றைக்கும் அந்த நேரத்தில் டெலிபோன் அடித்தால் நான் எடுப்பதில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது, பேர்வெட்டி என்று எல்லாரும் கூப்பிட்ட என் கூட்டாளியைப் பற்றி. மலாக்கா மாநிலத்தில் பேர் வெட்டாத எவர்சில்வர் பாத்திரம் ஒன்று இருக்குமானால், அன்று அவனுக்குக் காய்ச்சலாக இருந்திருக்க வேண்டும்.

தொண்ணூறுகளில் நாங்கள் இருவரும் பத்து பெரண்டாம் என்ற ஊரில் ஒரு பாத்திரக் கம்பெனியில் இருந்தோம். எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய்த் தவணைக்குப் பாத்திரம் விற்பது என் வேலை. வேன் ஓட்டுவது அவன் வேலை. வாங்கியவர் பேரைப் பாத்திரத்தில் வெட்டிக் கொடுப்பது, யாரும் கேட்காமல் அவனே எடுத்துக்கொண்ட வேலை. சின்ன உளி, சின்னச் சுத்தியல்; நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு டக் டக் என்று எழுத்தை இறக்குவான். மேனேஜரின் டிபன் கேரியரைக்கூட விடவில்லை. அதன் மூடியில் ‘மூடி’ என்று வெட்டியிருந்தான்.

ஒரு கல்யாணச் சீர்ப் பாத்திரம் முழுவதிலும் ‘செல்வி’ என்று வெட்டிக் கொடுத்தான். முகூர்த்தத்துக்கு முன்பே செல்வி வேறொருவனுடன் ஜொகூர் பஸ் ஏறிவிட்டாள். மாப்பிள்ளை அவள் தங்கையைக் கட்டிக்கொண்டான். பெண்ணின் அப்பா பாத்திரங்களை முற்றத்தில் எறிந்து கத்தினார்.

“எதுக்குண்ணே கத்துறீங்க? பக்கத்துல எடம் இருக்குல்ல” என்று பேர்வெட்டி சம்மணமிட்டு உட்கார்ந்தான். சாயங்காலத்துக்குள் அண்டா முதல் கரண்டி வரை எல்லாம் ‘செல்வியின் தங்கை’ ஆகிவிட்டன.

அவன் எழுத்துக் கூட்டிப் படித்துப் பழகியது கோயிலில். டியூப் லைட்டிலும் மணியிலும் ‘உபயம்’ என்று போட்டு ஒரு பேர் இருக்குமே, அதைப் பார்த்து, ஒரு சாமான் யார் மூலமாக வந்ததோ அவர்தான் உபயம் என்று முடிவு கட்டிவிட்டான். ஆகவே நான் விற்ற ஒவ்வொரு பாத்திரத்திலும் வாங்கியவர் பேருக்குக் கீழே ‘உபயம் கதிரேசன்’ என்று வெட்டினான்.

புலாவ் செபாங் பக்கத்து எஸ்டேட்டில் தவணை வாங்கப் போனால், லெட்சுமி அக்கா சட்டியைக் கவிழ்த்துக் காட்டுவார். “உபயம்னு போட்டுட்டு காசு கேக்குறியே தம்பி, வெக்கமா இல்ல?” லயத்து வீட்டு வரிசையே சிரிக்கும். சிரித்து முடித்தபிறகுதான் தவணை கைக்கு வரும்.

“டேய், உபயம்னா இனாமாக் குடுத்ததுடா!” என்று கத்தினேன்.

“அப்படியாண்ணே? இத்தனை வெட்டியாச்சு. இனிமே மாத்துனா பழைய ஆளுங்க கோவிச்சுக்குவாங்க லா.”

வேலை போனபோது பல மாதக் கமிஷன் பாக்கி இருந்தது. அதை நம்பித்தான் மகள் மலரிடம் நர்சிங் காலேஜில் சேர்த்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தேன். அவள் பெட்டியை எடுத்து அடுக்குவதும், என் முகத்தைப் பார்த்துக் கட்டிலுக்கடியில் தள்ளுவதுமாக இருந்தாள். மேனேஜரோ, “அதெல்லாம் ஆபீஸ் வித்தது. நீங்க வித்தீங்கன்னு என்ன ப்ரூப், மிஸ்டர் கதிரேசன்?” என்றார். லேபர் ஆபீசில் புகார் கொடுத்தேன்.

“ப்ரூப்தானே? அதான் வெட்டி வச்சிருக்கேன்ல” என்றான் பேர்வெட்டி.

“உன் வேலையும் போயிடும்டா.”

“போனாப் போவட்டும்ணே. உளி என்னுதுதானே?”

விசாரணை நாளில் லேபர் ஆபீஸ் வாசலில் ஒரு லோரி வந்து நின்றது. எஸ்டேட் பெண்கள் ஆளுக்கொரு பாத்திரத்தோடு இறங்கினார்கள். அதிகாரி ஒரு மலாய்ப் பெண்மணி. ஒரு சட்டியைத் திறந்து பார்த்தார், உள்ளே சாம்பார். பேர்வெட்டி காலிப் பாத்திரங்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, என் பேரை விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினான்.

அதுவரை ஆபீஸ் விற்றது என்று சாதித்த மேனேஜர் சட்டென்று எழுந்தார். உபயம் என்றால் தானம், இந்த ஆள் இவற்றை விற்கவில்லை, சும்மா கொடுத்திருக்கிறார் என்று அதிகாரிக்கு மலாயில் விளக்கினார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். பேர்வெட்டி தன் உளியை அப்போதுதான் முதல்முறை பார்ப்பவன்போல் பார்த்தான்.

லெட்சுமி அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். “யாருய்யா சொன்னது சும்மான்னு? மாசாமாசம் நானும் அதைத்தான் சொல்லிப் பாத்தேன். இந்த மனுசன் விட்டாரா? கடைசித் தவணை வரைக்கும் வாசல்ல நின்னு வாங்கிட்டுல்ல போனாரு!”

அதையே மலாயிலும் ஒரு முறை முழங்கினார். பின்னாலிருந்து, “நாங்களும்தான்!” என்று பாத்திரங்கள் தட்டப்பட்டன. அதிகாரி வாயைப் பொத்திச் சிரித்தபடி பேனாவை மறுபடி எடுத்தார்.

கமிஷன் வந்தது. பேர்வெட்டிக்கு வேலை போனது. பாசார் மாலாமில் முக்காலி போட்டு உட்கார்ந்து பேர் வெட்டத் தொடங்கினான். அந்த இரவுச் சந்தையில் கோழி வறுவல் கடைக்கு அடுத்து அவனிடம்தான் கூட்டம்.

மலர் காலேஜுக்குக் கிளம்பிய அன்று பஸ் நகரத் தொடங்கும்போது பேர்வெட்டி கையை வீசிக்கொண்டு ஓடி வந்தான். ஜன்னல் வழியாக ஒரு புது டம்ளரை நீட்டினான். ‘மலர்’ என்று இருந்தது. கீழே ‘உபயம் கதிரேசன்’.

“இந்தத் தடவ அர்த்தம் தெரிஞ்சுதான் வெட்டுனேன் பாப்பா” என்றான், மூச்சு வாங்க.