ஓர் ஆவர்த்தனம் எரிந்த மெழுகு

அணைத்த மெழுகுவத்தியின் வாசனை எங்கிருந்து வந்தாலும் என் வலது கை தானாக வலப்பக்கம் திரும்பும். பிறந்தநாள் வீடுகளில் கேக்கை ஊதியதும் நான் காற்றில் எதையோ திருகுவதைப் பார்த்துக் குழந்தைகள் சிரிப்பார்கள். நான் திருகுவது மெழுகு மாமியின் வால்வை.

மயிலாப்பூரில் பயம் என்கிற சரக்கே வைக்கப்படாமல் பிறந்தவர் மெழுகு மாமி ஒருவர்தான். அவருக்கு வைக்க வேண்டியதையும் சேர்த்து, கீழ்வீட்டுக்காரனான எனக்கு வைத்துவிட்டார்கள். குக்கரின் மூன்றாவது விசிலுக்கு நான் வாசலுக்கு வந்துவிடுவேன். மாமி அதே நேரத்தில் மேல்வீட்டில் ராக்கெட் மோட்டாருக்கு மெழுகு காய்ச்சிக்கொண்டிருப்பார்.

முப்பது வருஷம் ரசாயன ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பல ராக்கெட்டுகளின் புகையில் அமிலம் இருக்கிறது என்பது அவருக்குச் சொந்த அவமானம். "நம்மளோடது எரிஞ்சா காக்காய்க்குக்கூடத் தும்மல் வரப்படாது" என்பார். எரிபொருள் மெழுகு. அதை எரிய வைப்பது தனி உருளையிலிருந்து குழாய் வழியே வரும் ஆக்ஸிஜன். "ரெண்டும் தனித்தனியா இருக்கற வரைக்கும் ரெண்டும் சமத்து. வால்வை மூடினேள்னா தீ நின்னுடும். இதுல பயப்பட என்ன இருக்கு?"

மூடாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"மூடணும்" என்றார்.

மெழுகு கொண்டுவருவது சேவியர். பட்டினப்பாக்கத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. படகு எஞ்சினை விட்டுவிட்டு ஈக்காட்டுத்தாங்கலில் வெல்டிங் பட்டறை வைத்தவர். சர்ச்சில் எரிந்து மிஞ்சிய துண்டுகளைச் சாக்கில் கட்டிவந்து இறக்குவார். "எத்தினி பேரு வேண்டுதல் இதுல கீது தெரியுமா மாமி? உன் ராக்கெட்டு மேல போவலன்னா மாதாவே கோச்சிக்கும்."

தெற்கே கடலோரத்தில் சோதனைத் திடல் வைத்திருந்த ஒரு சிறு நிறுவனம், மோட்டார் எட்டு விநாடி முழுசாக எரிந்தால் அதையும் மாமியையும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. எட்டு விநாடியை மாமி கடிகாரத்தில் பார்க்க மாட்டார். தொடையில் ஆதி தாளம் போடுவார். ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு தட்டும் வீச்சுமாக இரண்டு முறை. விநாடிக்கு ஒன்றாக எட்டும் சேர்ந்தால் ஓர் ஆவர்த்தனம். அது முடிந்ததும் வால்வை மூட வேண்டியவன் நான்.

"என்னைப் போய் ஏன் மாமி?"

"தைரியசாலி வேடிக்கை பார்த்துண்டு நிப்பான். நீங்கோ மூடிடுவேள்."

மூடினேன். சேவியரின் பட்டறையில் நடந்த முதல் சோதனையில் முதல் தட்டிலேயே மூடினேன். அடுத்ததில் சுண்டுவிரல். மூன்றாவதில் மோதிரவிரல் வரை தாக்குப்பிடித்ததற்கு சேவியர் டீ வாங்கிக் கொடுத்தார். "இன்னா சார், கொசுவத்தி கூட இதவிட நேரம் எரியும்."

செங்கல் சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள். அந்தப் பக்கம், மணல்மூட்டைகளுக்கு நடுவே, அது. குச்சியில் கட்டிய ஸ்கூட்டர் கண்ணாடியில்தான் தீயைப் பார்க்க வேண்டும். கடலைத் தார்ப்பாய்போல யாரோ ஒரே இழுப்பில் கிழிக்கிற சத்தம்; காதில் விழுவதற்கு முன்பே முழங்காலில் விழும்.

இதெல்லாம் மன்னிக்கத்தக்க கோழைத்தனம். மன்னிக்கத் தகாததை எங்கள் வீட்டுக் குளியலறையில் செய்தேன்.

உருக்கிய மெழுகை இரும்புக் குழாயில் ஊற்றி, உறையும்வரை சுழற்ற வேண்டும். அப்போதுதான் அது சுவரோடு சமமாக ஒட்டி, நடுவில் தீக்கு வழி விடும். மாமி அதற்குத் தேர்ந்தெடுத்தது எங்கள் வாஷிங் மெஷினின் துணி பிழியும் தொட்டி. அன்றிலிருந்து என் சட்டைகள் மழையில் நனைவதில்லை.

"டைமரைத் திருப்பிண்டே இருங்கோ. மூடியை மட்டும் திறக்கப்படாது, சுத்தறது நின்னுடும்" என்று சொல்லிவிட்டு மாமி மாடியேறினார். தொட்டி குதித்தது. உள்ளே குழாய் கடகடவென்று அடித்தது. அடுத்து அது என் நெஞ்சைத்தான் தேடி வரும் என்று நிச்சயமாகத் தெரிந்தது. திறந்தேன். நின்றது. அரைகுறையாக உறைந்த மெழுகு மெல்ல வழிந்து இறங்குவதைப் பார்த்தேன். மறுபடி மூடினேன். சுழன்றது.

மாமி வந்து கேட்டபோது, "நல்லா சுத்திச்சு மாமி" என்றேன்.

அடுத்த சோதனைக்குப் பட்டறைக்குப் போன ஆட்டோவில் வழியெல்லாம் சொல்லிவிட வாயைத் திறந்தேன். சைதாப்பேட்டை பாலத்துக் குலுக்கலில் மூடிக்கொண்டேன். மாமியின் மடியில் அந்தக் குழாய், சீர்த்தட்டு மாதிரி.

தட்டு. சுண்டுவிரல். மோதிரவிரல். நடுவிரல். நான் மூடவில்லை. சொன்ன பொய்க்கு ஈடாக எட்டுவரை பிடிப்பது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். சேவியர் நம்பாமல் திரும்பிப் பார்த்தார். மாமியோ மகிழ்ச்சி தாங்காமல் சுவரைத் தாண்டித் தலையை நீட்டியிருந்தார். இரண்டாவது தட்டில், கண்ணாடிக்குள் குழாயின் மேல்முனை குங்குமமாகச் சிவந்தது.

திருகினேன். தீ நின்றது. பட்டறை முழுக்க அணைத்த மெழுகுவத்தி வாசனை.

சேவியர் குழாயை அறுத்தார். கீழ்ப்பாதியில் மெழுகு அடை மாதிரி தடித்திருந்தது. மேல்பாதியில் அப்பளம் அளவுகூட இல்லை; வெறும் இரும்பு, அதுவும் நகம்போல் தேய்ந்து. "இன்னும் ஒரு செகண்டு போயிருந்தா இங்க பொத்துக்கினு வந்திருக்கும் மாமி. உன் தல நேரா அங்கதான் இருந்துச்சு."

மாமி என்னைப் பார்த்தார். "மூடியைத் திறந்தேளா?"

"திறந்தேன்."

"எப்போ?"

"நீங்க மாடி ஏறினதுமே."

திட்டியிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். "அடுத்த வாட்டி மூடி மேலயே உக்காந்துக்கோங்கோ" என்றார்.

உட்கார்ந்தேன். கண்ணை இறுக்கிக்கொண்டு, தொட்டியோடு சேர்ந்து நானும் குதித்தேன்.

அந்த மோட்டார் ஓர் ஆவர்த்தனம் முழுக்க எரிந்தது. கடைசி வீச்சில் மூடினேன். பட்டறைக் கூரையிலிருந்து பறந்த காக்கை ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்தது. தும்மவில்லை.

மாமி தெற்கே கிளம்பிய காலையில் சேவியர் பெட்டிகளை வண்டியில் ஏற்றினார். எனக்குக் கேட்க ஒன்றுதான் இருந்தது.

"அங்கே வால்வை யாரு மூடுவாங்க மாமி?"

"கம்ப்யூட்டரே மூடிடுமாம்."

ஏறி உட்கார்ந்து புடவைத் தலைப்பை இழுத்துக்கொண்டார். கதவைச் சாத்தப் போனவர் கையை நிறுத்தினார்.

"அதுக்குப் பயமே கிடையாதாம் ஸார். அதான் எனக்குக் கொஞ்சம் பயமா இருக்கு."