முள்ளைப் பார்த்து ஓட்டியவர்

மதராஸில் அந்தக் காலத்தில் லாரி ஓட்டிய அத்தனை பேரும் சாலையைப் பார்த்துத்தான் ஓட்டினார்கள். நாங்கள் ஆயில் பாய் என்று கூப்பிட்ட ஒருவர் மட்டும் டாஷ்போர்டில் இருந்த ஒரு முள்ளைப் பார்த்து ஓட்டினார். இன்ஜினுக்குள் ஆயில் எவ்வளவு அழுத்தத்தோடு ஓடுகிறது என்று காட்டும் முள் அது. அதற்கு நடுக்கம் வந்தால் பாய்க்கும் நடுக்கம் வரும். அது இறங்கினால் வண்டியை ஓரம் கட்டிவிட்டு அவரும் இறங்கிவிடுவார்.

எழுபதுகளின் தொடக்கம். பகலில் அரசாங்க குமாஸ்தாவாகவும் சாயங்காலத்தில் மயிலாப்பூர் நாடகக் குழு ஒன்றில் கண்டிப்பான வீட்டுக்காரராகவும் நான் நடித்துக்கொண்டிருந்தேன். செட்டுகளை சபா சபாவாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பும் என் தலையில்தான். ஏற்றிப்போகிற வண்டி பாயுடையது. ராணுவம் கழித்துக்கட்டிய பழைய பெட்ரோல் லாரி. எந்த யுத்தத்தில் கழித்துக்கட்டினார்கள் என்பதில் எங்கள் குழுவுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. பாயின் நிஜப் பெயரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும், முள்ளைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருப்பார்.

சாலையையும் கொஞ்சம் பார்க்க வேண்டியிருந்ததால், முள்ளைக் கவனிக்கும் வேலையை என்னிடம் ஒப்படைத்திருந்தார்.

"முள்ளு இன்னா சொல்லுது, நைனா?"

"நாப்பதுல நிக்குது பாய்."

"நல்லா பாரு. அசையுதா?"

"வண்டியே அசையுது. முள்ளு அசையாதா?"

"சிரிக்காத நைனா. இன்ஜினுக்கு ரத்தமே அதான். அது பூட்ச்சுன்னா எல்லாம் பூட்ச்சு."

அடுத்த முனையில் மறுபடி கேட்பார். மயிலாப்பூரிலிருந்து தி.நகர் போய்ச் சேர்வதற்குள், ரேடியோவில் கிரிக்கெட் வர்ணனை செய்தவனைப் போல எனக்குத் தொண்டை கட்டிவிடும்.

ஒருமுறை பனகல் பார்க் அருகே முள் திடீரென்று பூஜ்யத்துக்குப் போய்விட்டது. நட்டநடுச் சாலையில் இன்ஜினை அணைத்துவிட்டார் பாய். பின்னால் வரிசையாக ஹாரன் சத்தம். போலீஸ்காரர் கோபமாக வந்தார். பாய் அவருடைய கையைப் பிடித்து, "நீங்களே வந்து பாருங்க சார், பூட்ச்சு!" என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்த போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டார். கடைசியில் பார்த்தால், முள்ளுக்கு ஆயில் வரும் மெல்லிய செப்புக்குழாயின் மூட்டு டாஷ்போர்டுக்குப் பின்னால் கழன்று, ஆயில் முழுக்க என் வெள்ளை ஜிப்பாவில் வடிந்துகொண்டிருந்தது. அன்றைக்கு மேடையில் வீட்டுக்காரர் கறுப்புக் கறையோடு வாடகை கேட்டார்.

இப்படி ஏகப்பட்ட பொய்ப் பயங்களுக்கு நடுவில்தான் அந்த நங்கநல்லூர் நாடகம் வந்தது.

புது சபா. காரியதரிசி மகா கறார் பேர்வழி. திரை ஆறரைக்கு உயராவிட்டால் இனிமேல் தேதியே கிடையாது என்று சொல்லிவிட்டார். எங்கள் டைரக்டரும் கதாநாயகனுமான வரதன் காலையிலிருந்தே ஒன்றும் சாப்பிடவில்லை. அவர் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் நடுவில் ஓட்டையுள்ள பழைய காலணாக் காசு ஒன்று தொங்கும். முதல் மேடையன்று கிடைத்ததாம். அதைத் தொட்டுக்கொள்ளாமல் அவர் ஒருநாளும் மேடை ஏறியதில்லை. அன்று அவருடைய ஸ்கூட்டர் கிளம்ப மறுத்ததால், லாரியில் எங்களோடு முன்சீட்டில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

அடையாறு தாண்டி, கிண்டிக் காட்டின் சுவரோரமாகப் போய்க்கொண்டிருந்தபோது முள் இறங்க ஆரம்பித்தது.

"பாய்... முப்பது. இருபத்தஞ்சு. இன்னும் எறங்குது பாய்!"

வண்டி நின்றது. கடை கிடையாது, ஆள் கிடையாது. சுவர் இடிந்திருந்த இடத்தில் ஒரு மான் மட்டும் எங்களைப் பார்த்தது.

"சாமா, வழக்கம்போலத்தானேடா? கிளம்பச் சொல்லுடா. அங்கே எல்லாரும் காத்துண்டிருப்பா" என்றார் வரதன் என்னிடம்.

பாய் இறங்கி பானெட்டைத் திறந்தார். ஆயில் அளவுகோலை உருவிப் பார்த்தார். ஆயில் மட்டம் சரியாக இருந்தது. விரலில் தேய்த்து முகர்ந்தார். பெட்ரோல் கலந்து நீர்த்துப்போகவில்லை. "முள்ளு பொய் சொல்லுதான்னு பாத்துடலாம்" என்று செப்புக்குழாயைக் கழற்றிவிட்டு, என்னை ஒரு நொடி இன்ஜினைக் கிளப்பச் சொன்னார். ஆயில் பீய்ச்சி அடித்திருக்க வேண்டும். ஜலதோஷக்காரன் மூக்குப்போல ஒழுகியது.

"முள்ளு மேல தப்பில்ல. நெசமாவே அழுத்தம் கம்மியா கீது" என்றார். இத்தனை வருஷமும் சத்தம் போட்டே பயந்தவர், நிஜமான ஆபத்து வந்ததும் மெதுவாகப் பேசினார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"பேரிங்கு தேஞ்சிருந்தா வண்டி இங்கியேதான். ஆனா தட்டுற சத்தம் கேக்கல" என்று இன்ஜினின் பக்கவாட்டில் இருந்த பெரிய நட்டைச் சூட்டோடு சூடாகக் கழற்றினார். உள்ளே இருந்து ஒரு ஸ்பிரிங்கும் ஒரு குண்டும் வந்தன. ஸ்பிரிங்கை அழுத்திப் பார்த்தார். முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது.

"இது தளந்து பூட்ச்சு சார். இந்தக் குண்ட அமுக்கிப் புடிக்க முடியல. போவ வேண்டிய எடத்துக்குப் போவாம ஆயிலு குறுக்கு வழியில திரும்பிடுது. அடியில ஒரு வாஷர் வெச்சா இன்னிக்கு ஓடும்."

பாயின் பெட்டியில் மூன்று புனல், நாலு டின், ஒரு தாயத்து, அரைச் சோப்பு எல்லாம் இருந்தன. அந்த அளவில் வாஷர் இல்லை. சைதாப்பேட்டைக்கு நடந்துபோய் வாங்கி வருவதற்குள் நாடகம் முடிகிற நேரமாகிவிடும். கையைப் பிசைந்துகொண்டு நிமிர்ந்த பாயின் பார்வை, வரதனின் கழுத்தில் போய் நின்றது.

வரதன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "அது மட்டும் முடியாது பாய். அது இல்லேன்னா எனக்கு வாயே வராது."

"எனக்குத் தெரியும் சார். அதான் கேக்க வாய் வரல."

இரண்டு பயந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. கடைசியில் வரதன் கண்ணை மூடிக்கொண்டு கயிற்றை அவிழ்த்தார். பாய் காலணாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஸ்பிரிங்குக்கு அடியில் அது கச்சிதமாக உட்கார்ந்தது. நட்டையும் குழாயையும் மாட்டிவிட்டு இன்ஜினைக் கிளப்பினார்.

"முள்ளு இன்னா சொல்லுது, நைனா?"

"முப்பத்தெட்டு பாய்! முப்பத்தெட்டு!"

எப்படியோ ஆறரைக்குத் திரை உயர்ந்தது. இரண்டாவது காட்சியில் வரதன் நின்றுவிட்டார். கை கழுத்துக்குப் போனது. அங்கே ஒன்றுமில்லை. வசனம் வரவில்லை. சபையில் யாரோ இருமினார்கள். எதிரே நின்றிருந்த நான் மேடையின் ஓரமாகத் திரும்பினேன்.

அங்கே பாய் நின்றிருந்தார். எப்போதும் லாரியை விட்டு நகராதவர், அன்றைக்குத்தான் உள்ளே வந்திருக்கிறார். ஆயில் கைகள் இரண்டையும் ஏந்தியபடி, விழி பிதுங்க வரதனையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு மட்டும் எதையோ வேண்டிக்கொண்டிருந்தது. வரதனும் அந்த முகத்தைப் பார்த்தார். பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். காட்சியில் அப்படித்தான் என்று நினைத்து ஜனங்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு வசனமும் வந்துவிட்டது.

"நான் படவேண்டிய பயத்தையெல்லாம் அவரே பட்டுண்டு நின்னார்டா. எனக்குன்னு ஒண்ணும் மிச்சமில்லே" என்றார் வரதன் பிறகு.

செட்டை ஏற்றும்போது நான் பாயிடம் கேட்டேன். "ஏன் பாய், ஒரு இன்ஜினுக்காக இப்படியா பயப்படுவீங்க?"

"இன்ஜினு போனா வேற போட்டுக்கலாம் நைனா. என்னை நம்பி ஏறிக் குந்திகினு கீறீங்களே, உங்களுக்கு இன்னா ஸ்பேரு கீது?"

அதற்கப்புறம் எத்தனையோ வண்டிகளில் போய்விட்டேன். "ஒண்ணும் ஆவாது சார், தைரியமா ஒக்காருங்க" என்று டிரைவர் சிரிக்கும்போதெல்லாம் என் கண் டாஷ்போர்டில் முள்ளைத் தேடுகிறது. எனக்காகப் பயப்பட பாய் இல்லாத வண்டியில், அந்த வேலையையும் நானேதான் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.