மைத்துனரின் மீசையும் மொட்டைமாடி வெயிலும்

மதிப்பிற்குரிய மூத்த மைத்துனர் ஃபிதென்சியோ அவர்களுக்கு,

தெவாகான் ஊரிலிருந்து இலாரியோன் பணிவுடன் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் தங்கை கசில்டாவும் சுகம். உங்கள் சுகத்தையும், குறிப்பாக உங்கள் மீசையின் சுகத்தையும் அறிய மிகுந்த ஆவல்.

போன மாதம் என் ஜீன்ஸ் சலவைப் பட்டறைக்கு வந்து, "வெயில்ல வெச்சு சாயத்தண்ணிய தெளிய வைக்கப்போறியா? தெளிஞ்சா மீசைய எடுத்துடறேன்டா" என்று பன்னிரண்டு வேலைக்காரப் பெண்கள் முன்னால் சொன்னீர்களே, நினைவிருக்கிறதா? வாய்க்காலில் நீலம் ஓடினால் சனிக்கிழமை பட்டறைக்குச் சீல் என்று நகராட்சி உத்தரவு வேறு. மொட்டைமாடியில் கண்ணாடிக் குழாய்களைப் பரப்பி, டைட்டானியம் வெள்ளைத் தூளைக் கலந்து தண்ணீரைச் சுற்றவிட்டேன். அந்தத் தூள் வினையூக்கி. வெயில் பட்டால் சாயத்தை உடைத்துப்போடும், தான் மட்டும் தேயாது. திங்களன்று நீலம் வெளுத்தது. என் நெஞ்சு குளிர்ந்தது. புதனன்று பார்த்தால் மறுபடி மை! தூளைக் கூட்டினேன், குழாயைத் தட்டினேன், விற்றவனைத் திட்டினேன். உங்கள் தங்கை செவ்வாய்க்கிழமையே மாதாவிடம் வேண்டிக்கொண்டு, திருவிழாக் காகிதத் தோரணங்களை மாடி முழுக்கக் கட்டத் தொடங்கியிருந்தாள். நீலம் கூடக் கூட, தோரணமும் கூடியது. நானும் அதன் கீழே உட்கார்ந்து தக்கோ ரொட்டிச் சுருள் தின்றுகொண்டு, தலையெழுத்தை நொந்துகொண்டிருந்தேன் மச்சான்!

வெள்ளிக்கிழமை காலையில் மாடிக்கு வந்த வேலைக்காரப் பெண் ஒப்துலியா கேட்டாள்: "என்ன மொதலாளி, தொப்பியில்லாம உக்காந்திருக்கீங்க? வெயில் சுடலையா?"

அட, சுடவில்லையே! எகிறிக் குதித்துத் தோரணத்தை அறுத்தேன். "மாதாவுக்குக் கட்டினத அவுக்காதய்யா, பாவி!" என்று கசில்டா துடைப்பத்தோடு ஓடிவந்தாள். "மாதா வெயில குடுத்துட்டாடி, நீதான் மறைச்சு வெச்சே!" என்றேன். சனிக்கிழமை நண்பகல் ஆய்வாளர் வந்தார். குழாயின் வாயில் ஒரு குவளைத் தண்ணீரை ஏந்தி, அதன் பின்னால் அவருடைய உத்தரவையே பிடித்தேன். கையெழுத்துவரை பளிச்சென்று தெரிந்தது. மனிதர் சிரித்துவிட்டார். உத்தரவை அவரே கிழித்தார். பெண்கள் போட்ட கூச்சலில் மூன்று தெரு நாய்கள் ஓடின. ஜெயித்துவிட்டேன் மச்சான், ஜெயித்தேவிட்டேன்!

புது பிளேடு ஒன்று இத்துடன் இணைத்துள்ளேன். மாதா உங்களையும் உங்கள் மொழுமொழு முகத்தையும் காப்பாளாக.

தங்கள் பணிவுள்ள,
இலாரியோன்

பி.கு: அறுத்த தோரணங்களைத் தெளிந்த தண்ணீர்த் தொட்டியில்தான் போட்டிருந்தேன் போலிருக்கிறது. காகிதச் சாயம் முழுக்க இறங்கி, வாய்க்காலில் இப்போது ரோஜா நிறம் ஓடுகிறது. நீலம் ஓடக்கூடாது என்றுதானே உத்தரவு என்று வாதாடலாம் என்றால், அதைத்தான் கிழித்தாயிற்று. ஆய்வாளர் தெருமுனையில் நின்று வாய்க்காலையே திரும்பிப் பார்க்கிறார். மீசையைத் தற்சமயம் எடுக்க வேண்டாம். பிளேடைத் திருப்பி அனுப்பவும் வேண்டாம். நாளைக்கும் வெயில் வரும்.