மாடியில் யோசிக்கும் கணபதி

மை தடவிய பெருவிரலைக் கமலாட்சி முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"கணபதி ஐயா சொன்னாத்தான் ரேகை வப்பேங்க."

ஜுனைதீன் புரொக்டர் புஹாரியின் வக்கீல் கந்தோரில் ஜூனியர். நாலந்தாவில் இவளுக்கு இரண்டு ஏக்கர் மிளகுத் தோட்டம், பக்கத்துக் காணிக்காரனோடு பதினொரு வருட எல்லை வழக்கு. இன்று சமாதான உறுதிப் பத்திரத்தில் இவள் ரேகை விழுந்துவிட்டால் முடிந்தது. காலையில் தம்புள்ளைக்குப் புறப்பட்ட புரொக்டர் புஹாரி, ஒஸ்டின் காரில் ஏறியபடியே சொல்லியிருந்தார்: "இத முடி. நாளைக்கே நீ பங்காளி. கணபதி ஒத்துக்கணும், அவ்வளவுதான்."

கந்தோர் வாசல் பலகையில் 'புஹாரி அன் கணபதி' என்றிருந்தது. புஹாரியை மாத்தளையே அறியும். கணபதியை யாரும் பார்த்ததில்லை. அவர் மாடியில் யோசிக்கிறார். காகிதம் மேலே போகும். எட்டாம் நாள் அரக்கு முத்திரை வைத்த உறை ஒன்று நேராகக் கட்சிக்காரர் கைக்கு வரும். கலேவெலப் பக்கம் அந்த உறையைச் சாமிப் படத்தோடு வைத்திருந்தார்கள்.

ஒவ்வொரு வழக்குக்கும் ஜுனைதீன் பக்கம் பக்கமாகக் குறிப்பெழுதி, கணபதியின் பார்வைக்கென்று மேலே அனுப்பினான். ஆறு வருடத்தில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. குப்பை என்று எரித்திருப்பார். அது நியாயம் என்றே அவனும் நினைத்தான். மாடிப்படியைக் கடக்கும்போது செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வான்.

மேலே போய்க் கேட்கப் பயந்து, "ஐயாவுக்குக் காய்ச்சல், அம்மா" என்றான்.

"ஐயோ! கொத்தமல்லி அவிச்சுக் கொண்டாறேங்க."

அவள் அவித்து வருவதற்குள் கடைவீதி முழுக்கச் செய்தி போய்விட்டது. லாபிர் முதலாளி ஓதின தண்ணீர் போத்தலோடு வந்தார். அவருக்குப் பின்னால் பத்துப் பேர்.

"சுகமாயிட்டு. இப்பத் தூங்குறாரு" என்றான் ஜுனைதீன்.

"எழும்புற மட்டும் இருக்கோம்" என்று லாபிர் படியிலேயே உட்கார்ந்தார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

"சரி, நானே போய்க் கேட்டுட்டு வாறேன்."

கிளாக்கர் ஸக்கரியா சாவிக்கொத்தை மடியில் செருகினார். "மேல போகவாணாம் சேர். புஹாரி சேர் கொன்னுருவாரு."

"கீழ இவங்க கொன்னுருவாங்க. சாவியத் தாங்க நானா."

வெறுங்காலோடு ஏறினான். கூட்டமும் பின்னாலேயே ஏறியது. உள்ளே நுழைந்து கதவைச் சாத்தி, தலை குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு ஸலாம் சொன்னான். பதில் இல்லை. கண்ணைத் திறந்தான்.

ஒரு மேசை. ஒரு கதிரை. இரண்டிலும் தூசி.

"ஐயா!" வெளியே கமலாட்சி கதவைத் தட்டினாள். "ரேகை வக்கவாங்க, வேணாங்களா?"

பயத்தில் அவன் வாயிலிருந்தே, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு குரல் வந்தது.

"வை."

"எல்லைல நிக்கிற பலாமரம்?"

"மரம் உனக்கு. பழம் பாதிப் பாதி."

வெளியே கமலாட்சி விம்மினாள். "மூணு வருசத்துக்கு முந்தி உறைக்குள்ளயும் இதேதாங்க எழுதியிருந்தாரு! வார்த்த பிசகல! அவரேதான்!"

"கணபதின்னா கணபதிதான்" என்றார் லாபிர். படியில் ஒருவரும் சத்தம் போட்டு இறங்கவில்லை.

கீழே ரேகை வாங்கிக்கொண்டு ஸக்கரியா மேலே வந்தார். ஜுனைதீன் சுவரோடு ஒட்டி நின்றான்.

"என் தொழில் போச்சு நானா. அவர் பேர்ல நான் பேசிட்டேன். அவர் வந்தா என்ன சொல்ல?"

ஸக்கரியா மேசை லாச்சியை இழுத்தார். ஆறு வருடக் குறிப்புகளும் வரிசையாக அடுக்கியிருந்தன, ஜுனைதீனின் கையெழுத்தில். ஓரத்தில் ஒரு திருத்தம்கூட இல்லை.

தோளில் கிடந்த லேஞ்சியால் ஸக்கரியா கதிரையைத் துடைத்தார்.

"ஒரு எழுத்து மாத்தாமத்தான் டைப் அடிச்சு உறையில போட்டேன் சேர். உக்காருங்க, ஆறு வருஷமா உங்க கதிரைதானே இது."