ரோஜா நிறத்தில் ஒரு மடி வேஷ்டி

மருமகள்கள் செய்த தப்புகளில் பாதி, மாமியார்கள் ஒழுங்காக விளக்கம் சொல்லாததால் நடந்தவை. இதை எந்தச் சபையிலும் நின்று சொல்வேன். என் புக்ககத்தில் நடந்ததும் அப்படித்தான். அன்றிலிருந்து இன்றுவரை என்னைக் கூண்டில் ஏற்றிச் சிரிக்கிறார்கள். நான் இன்னும் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை.

சின்னக் காஞ்சிபுரத்தில், பெருமாள் கோயிலை ஒட்டிய தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது எனக்குப் பதினாறு வயது. அந்த வீட்டில் கண் விழித்ததும் காதில் விழும் சொல் 'மடி'. துணியைத் தோய்த்து, உயரக் கட்டிய மூங்கில் கொடியில் உலர்த்தி, யார் கையும் படாமல் கோலால் எடுத்து உடுத்தினால் மடி. நடுவில் யாராவது தொட்டுவிட்டால் விழுப்பு, திரும்பவும் கிணற்றடி. மடிக்குத் தனிச் செம்பு, தனி அடுப்பு, தனி ஊறுகாய் ஜாடி. "மடியா இருக்கேன், எட்டிப் போ" என்று மாமியார் சொன்னால், ஏற்கெனவே சுவரோடு ஒட்டி நிற்கும் நான் சுவருக்குள் போக வழி தேடுவேன். (என் கணவருக்குப் பட்டணத்தில் உத்தியோகம். எட்டிப் போகச் சொல்லவே தேவையில்லாத தூரத்தில் இருந்தார், புண்ணியவான்.)

சட்டம் எனக்குச் சீக்கிரமே பிடிபட்டது. தோய்த்தது மடி, தோய்க்காதது விழுப்பு. இதில் என்ன பிரமாதம்? மாமனாரின் பட்டு வேஷ்டியைப் பார்க்கும்வரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அவருடைய கல்யாணத்துக்கு வாங்கிய வெள்ளைப் பட்டு அது. திவசம், பூஜை, உற்சவம் எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். அதில் ஹோமப் புகை இருந்தது, நெய் இருந்தது, எந்தக் காலத்துச் சாத்தமுதோ (ஊருக்கு ரசம், எங்களுக்குச் சாத்தமுது) ஓரத்தில் காய்ந்து கிடந்தது. தண்ணீர் மட்டும் பட்டதே இல்லை.

"அம்மா, இதைத் தோய்க்க வேண்டாமா?"

"பட்டைத் தோய்ப்பாளாடி? பட்டு எப்பவும் மடி."

"தோய்க்காமலேயா?"

"கேள்வி கேக்காதே. போய் உளுந்தைக் களை."

இதுவா விளக்கம்? நீங்களே சொல்லுங்கள்.

அந்த வருஷம் வைகாசிக் கருட சேவை நெருங்கியது. பெருமாளுக்கு முன்னால் பிரபந்தம் சேவித்துக்கொண்டு போகும் கோஷ்டியில் என் மாமனாருக்கு எப்போதும் கடைசி வரிசை. அந்த வருஷம்தான் முதல் முறையாக முன்வரிசையில் இடம் கொடுத்திருந்தார்கள். முன்வரிசைக்காரர்கள் பட்டுதான் உடுத்துவார்கள். மனிதர் குளிக்கும்போதும் பாசுரம், வெற்றிலை மெல்லும்போதும் பாசுரம். பரம சாது. புக்ககத்தில் என்னை ஒரு தடவைகூட எட்டிப் போகச் சொல்லாதவர். அவர் அந்தச் சாத்தமுதுக் கறையோடு பெருமாள் முன்னால் நிற்பதா? எனக்கு மனசு கேட்கவில்லை.

கருட சேவைக்கு முதல் நாள் மத்தியானம் மாமியார் கோயிலுக்குப் போன சமயம் பார்த்து, செப்பு அண்டாவில் வெந்நீர் போட்டேன். என் சீர் வரிசையோடு வந்த சவுக்காரக் கட்டியைச் சீவிப் போட்டேன். வேஷ்டியை முக்கினேன். இவ்வளவு வெந்நீர் வீணாகிறதே என்று என் அரக்குக் கல்யாணப் புடவையையும் கூடவே அமுக்கினேன். (சிக்கனம் எங்கள் பிறந்தகத்துக் குணம்.) சீமைச் சாயம் வெந்நீரில் இறங்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

கோலால் தூக்கிப் பார்த்தேன். கறை போயிருந்தது. வெள்ளையும் போயிருந்தது. நல்ல ரோஜா நிறம், அங்கங்கே திட்டுத் திட்டாக.

மாமியார் வந்து பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அடிப் பாவி! விடிஞ்சா கருட சேவை! எதைடி உடுத்திண்டு போவார்? இத்தனை நாள் காத்திண்டிருந்த இடம் போச்சேடி!"

எனக்கும் அழுகை முட்டியது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "தோய்ச்சாத்தானே மடின்னு நீங்கதானே சொன்னேள்?"

அதற்குள் மாமனார் வந்துவிட்டார். வேஷ்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மனைவியிடம் நிதானமாகக் கேட்டார்: "பட்டு எப்பவும் மடிதானே?"

"மடிதான், ஆனா..."

"மடின்னுதான் சாஸ்திரம். வெள்ளைன்னு எங்கே இருக்கு? உடுத்திண்டு போறேன்."

போனார். விடியற்காலையில் நான் வாசலில் நின்று பார்த்தேன். வெள்ளைப் பட்டு வரிசைக்கு நடுவில் என் மாமனார் பளபளவென்று வந்துகொண்டிருந்தார். தாமல் பக்கத்திலிருந்து சேவிக்க வந்த ஒரு அம்மாள் என் தோளை இடித்து, "த பாருமா, அந்த சாமி மட்டும் மாப்ள கணக்கா வந்துக்கினு இருக்குது!" என்றாள். நான் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன். அவர் குரல் மட்டும் மற்ற எல்லார் குரலுக்கும் மேலே கேட்டது.

அதோடு முடிந்திருக்கலாம். வைகாசி வெயில் விடவில்லை. கூட்டம் நெருக்க, வியர்வை ஊற்ற, என் அரக்குப் புடவைச் சாயம் மறுபடி வேலையைக் காட்டியது. சேவை முடிவதற்குள் அவருக்கு வலப்பக்கம் நின்றவர் வேஷ்டியும் ரோஜா, இடப்பக்கம் நின்றவர் வேஷ்டியும் ரோஜா!

சாயங்காலம் அந்த இரண்டு பேரும் வேஷ்டியைக் கையில் சுருட்டிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார்கள்.

"ஓய், உம்ம மாட்டுப்பொண் எங்க பட்டோட மடியைக் கெடுத்துட்டா. அடுத்த உற்சவத்துக்கு நீர் பழைய வரிசைக்கே போயிடும்!"

கதவுக்குப் பின்னால் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். மாமனார் குரலை உயர்த்தவே இல்லை.

"பட்டுக்கு மடி கெடாதுன்னா உங்களுதும் கெடலை. கெடும்னா, கல்யாணத்துலேர்ந்து தோய்க்காத பட்டைக் கட்டிண்டு இத்தனை வருஷம் பெருமாள் முன்னாடி நின்னோமே, அதுக்கு என்ன பிராயச்சித்தம்? முதல்ல அதைச் சொல்லுங்கோ. அப்புறம் நான் பின்வரிசைக்குப் போறேன்."

நான் அந்த நேரம் பார்த்துத் தலையை நீட்டி, "வேணும்னா குடுங்கோ, தோய்ச்சுத் தரேன்" என்றேன். இரண்டு பேரும் வேஷ்டியை மார்போடு அணைத்துக்கொண்டு போன வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

மாமனார் கடைசிவரை முன்வரிசையில்தான் நின்றார், அதே வேஷ்டியில். மாமியார் மட்டும் என்னோடு பேசவில்லை. ஆனி பிறந்து ஒரு நாள், கிணற்றடியில் இருந்த என் எதிரே தன்னுடைய மாம்பழக் கலர் பட்டுப் புடவையைக் கொண்டுவந்து வைத்தார். அதுவும் கல்யாணத்திலிருந்து தண்ணீர் காணாததுதான். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, "இதையும் அலசிப் போடு" என்றார். நாலடி நடந்தவர் நின்றார்.

"தனியா."

இன்றைக்கும் எங்கள் வீட்டில் நான் ஒரு கைக்குட்டையைத் தண்ணீரில் போட்டால்கூட, கூடத்திலிருந்து மொத்தக் குடும்பமும் ஒரே குரலில் கத்துகிறது: "தனியா!"