வெள்ளைப் போர்வைக்கு ஒரு சிபாரிசு

கள்ளக்குறிச்சி,
புதன்கிழமை, கடை திறக்கும் முன்.

பெருமதிப்புக்குரிய மச்சான் அமீர் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே நானும் தங்கள் தங்கை நூர்ஜகானும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். கடலூரில் தாங்களும் தங்கள் வலது முழங்காலும் சுகமாக இருக்க ஐந்து வேளையும் துஆ செய்கிறேன். போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். நான் போன் பேசினால் தங்கள் தங்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள், இது அவள் காதில் விழக்கூடாத விஷயம். வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் விமானத்தில் ஏற வேண்டும் மச்சான். அதற்கு அவள் வாயால் சரி என்று சொல்ல வேண்டும். அதை வாங்கித்தர இந்த உலகத்தில் தங்களைவிட்டால் எனக்கு ஆள் கிடையாது.

டிக்கெட் எடுத்துப் போகும் விமானம் என்று நினைத்துவிடாதீர்கள். என் பழைய பைத்தியம் தங்களுக்கு நினைவிருக்கும். மதராஸுக்கு பி.ஏ. படிக்கப் போனவன், பி.ஏ.வைக் கோட்டை விட்டுவிட்டு, ஒரு பறக்கும் கிளப்பில் சேர்ந்து விமானம் ஓட்டும் லைசென்ஸோடு ஊர் திரும்பினேன். அத்தா என்னை ஜவுளிக்கடைக் கல்லாவில் உட்கார வைத்து, "ஆகாசத்துலயா கடை வெக்கப்போற?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார், அதோடு சரி. உளுந்தூர்பேட்டையில் லாரி வைத்திருந்த அரங்கநாதனும் அதே கிளப்பில் கற்றவன். இருவரும் சேர்ந்து புஷ்பக் என்ற ஒரு பழைய சின்ன விமானம் வாங்கினோம். இரண்டு சீட்டு, துணி போர்த்திய இறக்கை. இறக்கை துணிதான் என்று தெரிந்ததும் அத்தாவுக்கே அதன்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. தடவிப் பார்த்து, "நல்ல நெருக்கமான நெசவு" என்றார். யுத்த காலத்தில் போட்ட ஓடுதளம் ஒன்று உளுந்தூர்பேட்டையில் சும்மா கிடந்ததல்லவா, அனுமதி வாங்கி அங்கே ஒரு கீற்றுக் கொட்டகை போட்டு நிறுத்தினோம். அந்தத் தளத்தில் சுற்று வட்டாரமே உளுந்தும் கம்பும் காயவைக்கும். நாங்கள் பறக்க வேண்டுமென்றால் முதல்நாளே வீடு வீடாகப் போய், "நாளைக்கு ஒரு ஓரமா மட்டும் காயவெய்யிங்க" என்று கும்பிட்டுவிட்டு வர வேண்டும். சர்க்காரிடம் அனுமதி வாங்கியது அதைவிடச் சுலபம்.

ஆனால் மேலே போய்விட்டால் மச்சான், அதை நான் எப்படிச் சொல்வேன்! விடிந்து ஒரு மணி நேரம்வரை காற்று அசையாது. வயல்களுக்கு மேலே மேற்கே போனால் கோமுகி அணைத் தண்ணீர் முதலில் தெரியும், அதற்குப் பின்னால் கல்வராயன் மலை எழுந்து நிற்கும். மலை ஓரத்தில் போகும்போது கீழேயிருந்து ஒரு காற்று வந்து வண்டியை மெதுவாகத் தூக்கும், நான் கையை லேசாக வைத்துக்கொண்டு சும்மா இருப்பேன். மலைமேல் இருக்கிற சனங்கள் தினை வயலில் நின்று கை காட்டுவார்கள். திரும்பும்போது கள்ளக்குறிச்சியின் மேல் ஒரு சுற்று. என் கடைக் கூரைமேல் யாரோ வீசியிருந்த ஒற்றைச் செருப்பை மேலேயிருந்துதான் முதலில் பார்த்தேன், நான் பறந்த எட்டு வருஷமும் அது அங்கேயே கிடந்தது. இறங்கி வந்து கல்லாவில் உட்கார்ந்தால் கையில் பெட்ரோல் வாசனை மத்தியானம்வரை இருக்கும். அந்த வாசனைக்காக மத்தியானம்வரை கை கழுவாமல் இருந்திருக்கிறேன். என் வாழ்க்கையில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்த நேரம் அதுதான். தாசில்தாரை ஏற்றினேன், மாட்டு டாக்டரை ஏற்றினேன், கணக்கு வாத்தியார் சுப்புராயனை ஏற்றினேன், அவர் மேலே போனதும் கண்ணை மூடியவர் இறங்கித்தான் திறந்தார். நூர்ஜகானுக்கு உயரம் ஆகாது, அவளை மட்டும் ஏற்றவில்லை.

அவளுக்கும் எனக்கும் ஒரு ஏற்பாடு இருந்தது, தங்களுக்கு அது தெரியாது. நான் ஊரைச் சுற்றும்போது அவள் மொட்டைமாடியில் ஒரு துணி விரித்து நாலு மூலைக்கும் செங்கல் வைப்பாள். வெள்ளைப் போர்வை என்றால் எல்லாம் சுகம், ஆசை தீரச் சுற்றிவிட்டு மெதுவாக வா. பச்சைப் புடவை என்றால் விருந்தாளி வந்தாச்சு, வரும்போது கறி வாங்கி வா. (மச்சான் கோபிக்கக்கூடாது, பச்சை விரித்த நாளில் பாதிக்குமேல் தாங்கள்தான்.) அவள் உண்டானபிறகு மூன்றாவதாகச் சிவப்பு சேர்ந்தது. சிவப்பு என்றால் வலி எடுத்துவிட்டது, எங்கே இருந்தாலும் உடனே வா.

எழுபத்துநாலு சித்திரை. மாதம் நிறைந்திருந்தாள், "போய்ட்டு வாங்க, இன்னிக்கு ஒண்ணும் ஆவாது" என்று அவளேதான் அனுப்பினாள். மலையைப் பார்த்துவிட்டுத் திரும்பி ஊருக்குமேல் வந்து குனிந்து பார்க்கிறேன், மாடியில் சிவப்பு! ஒரு மாடி அகலத்துக்குச் சிவப்பு! உளுந்தூர்பேட்டைக்குப் போய் இறங்கிப் பஸ் பிடித்து வருவதற்குள் பிள்ளை நடக்கவே ஆரம்பித்துவிடும் என்று பட்டது. சற்று முன்னால் பார்த்த வடக்கனந்தல் பக்கத்து ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது நினைவுக்கு வந்து, வண்டியைத் திருப்பி நேரே அங்கே இறக்கினேன். ஏரிக்குள் சனங்கள் வண்டல் மண் வெட்டி மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மாடுகள் மண்ணோடு கரையேறி ஓடின, மனிதர்கள் வேறு பக்கம் ஓடினார்கள். சின்னக்கண்ணு என்று ஒருவர் மட்டும் மண்வெட்டியோடு நின்று, "இன்னாங்க, ஓட்டு கேக்க வந்தீங்களா? நோட்டீஸ் எங்க?" என்றார். "பொஞ்சாதிக்கு வலி வந்துட்டுதுங்க, ஒடனே கள்ளக்குறிச்சி போவணும்" என்றேன். அவர் என்னையும் பார்த்து வானத்தையும் பார்த்து, "வூட்ல வலி வந்தது ஒங்களுக்கு அங்க எப்பிடிங்க தெரிஞ்சிது?" என்றார். மாடியில் சிவப்புத் துணி காட்டினார்கள் என்றேன். அது போதும் அந்த மனிதருக்கு. ஓடிப்போன மாட்டைப் பிடித்துவந்து, மண் பாரத்தின் மேலேயே என்னை உட்காரவைத்து ரோடுவரை ஓட்டினார். அங்கே கரும்பு லாரி ஒன்று கிடைத்தது, கரும்பின்மேல் படுத்துக்கொண்டு ஊர் வந்தேன்.

வீட்டுக்குள் ஓடினால் தங்கள் தங்கை சம்மணம் போட்டு மாங்காய்க்கு உப்பு தடவிக்கொண்டிருக்கிறாள். "ஏங்க, இன்னா கோலம் இது? கெணத்துல வுழுந்துட்டீங்களா?" என்றாள். "வலி?" என்றேன். "யாருக்கு?" என்றாள். மாடிக்கு ஓடினேன். எங்கள் வெள்ளைப் போர்வை காற்றில் செங்கல்லைத் தள்ளிவிட்டுச் சுவர் ஓரமாகச் சுருண்டு கிடக்கிறது. ஒட்டினாற்போல் அடுத்த மாடியில் லட்சுமியம்மாள் இரண்டு மூட்டை மிளகாயைப் பரப்பிவிட்டுக் காக்காய் ஓட்டிக்கொண்டிருக்கிறார். "இன்னா பாய், மொளகா காஞ்சிதான்னு பாக்க வந்தீங்களா?" என்று ஒரு கேள்வி வேறு. விஷயம் தெரிந்து நூர்ஜகான் சிரித்தாள் பாருங்கள், சிரித்துச் சிரித்து, அந்தச் சிரிப்பிலேயே நிஜமாக வலி எடுத்து, பொழுது சாய்ந்து மஃரிபு தொழுகைக்குள் எங்கள் மகள் அத்தியா பிறந்துவிட்டாள்.

அதோடு முடிந்திருந்தால் நல்லது. மறுநாள் ஏரியில் ஏரோப்ளேன் கிடப்பது பற்றி விசாரிக்கப் போலீஸ் வந்தபோதுதான் நான் எங்கே இறங்கினேன் என்பது அவளுக்குத் தெரிந்தது. சிரித்தவள் அழுதாள். "பச்சப் புள்ளய வெச்சிக்கினு நான் மாடியில நின்னு வானத்தயே பாத்துக்கினு இருக்கணுமா?" என்றாள். பிள்ளை தலையில் என் கையை வைத்து, அவளாக வெள்ளைத் துணி விரிக்கிறவரைக்கும் விமானத்தில் ஏறுவதில்லை என்று சொல்லவைத்தாள். சொன்னேன். அரங்கநாதன் வந்து வண்டியை ஏரியிலிருந்து எடுத்துப் போனான், அடுத்த வருஷம் விற்றுவிட்டோம். அன்றிலிருந்து நாற்பத்தைந்து வருஷமாக எங்கள் வீட்டில் வெள்ளைப் போர்வை வாங்கியதே இல்லை. பூப்போட்டது, கட்டம் போட்டது, மயில் போட்டது, எல்லாம் உண்டு. ஜவுளிக்கடைக்காரன் வீட்டில் வெள்ளை மட்டும் கிடையாது. நானும் கேட்டதில்லை.

இப்போது அரங்கநாதனின் மகள் கமலா பெங்களூரில் சொந்தமாக இரண்டு சீட்டு விமானம் வைத்து ஓட்டுகிறாளாம். அப்பனுக்குக் காட்ட ஞாயிற்றுக்கிழமை அதை உளுந்தூர்பேட்டைக்குக் கொண்டுவருகிறாள். என்னை ஏற்றிக்கொண்டு கல்வராயன்வரை ஒரு சுற்று போய்வருவதாக அரங்கநாதன் சொன்னான். எனக்கு எழுபத்தாறு முடிந்துவிட்டது மச்சான். கண்ணில் ஆபரேஷன் ஆகி இப்போதுதான் தூரத்தில் இருப்பது துலக்கமாகத் தெரிகிறது. இனிமேல் எனக்கு வரப்போகிற வெள்ளைத் துணி ஒன்றே ஒன்றுதான், அதைக் கேட்டு வாங்க வேண்டியதில்லை, தானாக வரும். அது வருவதற்குமுன் அந்த மலையை மேலேயிருந்து ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். ஆசையாக இருக்கிறது, வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

ஆகவே தாங்கள் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கே இங்கு வந்துவிட வேண்டும். எடுத்தவுடன் பேச்சை ஆரம்பிக்க வேண்டாம். சாப்பிட்டுவிட்டு, கறி நன்றாக இருந்தது என்று இரண்டு முறை சொல்லிவிட்டு, அதற்குப்பின் மெதுவாக ஆரம்பியுங்கள். நான் கேட்டு எழுதியதாக மட்டும் மூச்சு விடாதீர்கள்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் சலாமும், பிள்ளைகளுக்கு என் துஆவும், முழங்காலுக்கு இத்துடன் ஒரு தைலத்தின் பெயரும் தனித்தாளில் அனுப்பியிருக்கிறேன். அல்லாஹ் தங்களுக்கு நீண்ட ஆயுளும், தங்கையிடம் பேசத் தெம்பும் தருவானாக.

தங்கள் அன்பு மச்சான்,
காஜா மைதீன்

பி.கு.: தாங்கள் வர வேண்டாம். தபாலில் போட எடுத்துப் போகும்முன் கைலி எடுக்க மாடிக்குப் போனேன். அங்கே ஒரு வெள்ளைப் போர்வை, புத்தம் புதிது, நாலு மூலைக்கும் செங்கல். என் கடையில் வாங்கினால் எனக்குத் தெரிந்துவிடும் என்று எதிர்க்கடையில் வாங்கியிருக்கிறாள். நான் அதன் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன், தங்களிடம் சொல்ல வெட்கமில்லை. கீழே வந்தால், "கமலா பொண்ணு போன வாரமே போன் பண்ணிட்டுது" என்கிறாள். சரி, ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்று கேட்டேன். "மொத ரவுண்டு நான் போறேன்" என்றாள். உனக்கு உயரம் ஆகாதே என்றேன். "யாரு சொன்னா? மாட்டு டாக்டர ஏத்துனீங்க, கணக்கு வாத்தியார ஏத்துனீங்க, என்ன வரியான்னு ஒரு தடவ கேட்டீங்களா? எட்டு வருசம் நான் மாடியில நின்னேன். ஒரு நாள் நீங்க நில்லுங்க" என்றாள். உண்மைதான் மச்சான், நான் கேட்கவே இல்லை. அவள் சுற்றி முடித்ததும் நான் பஸ் பிடித்து உளுந்தூர்பேட்டைக்கு வர வேண்டுமாம், பெட்ரோல் மிச்சம் இருந்தால் எனக்கு இரண்டாவது ரவுண்டாம். ஆகவே ஞாயிறு காலை போர்வையோடு நிற்கப்போவது நான். லட்சுமியம்மாளுக்கு வயது எழுபதாகியும் மிளகாய் காயவைப்பதை இன்னும் விடவில்லை. இப்போதுதான் நேரில் போய், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்டுவிட்டு வந்தேன்.